நிறுவனர் சிரிக்கிறார்

அத்தியாயம் 6

கண்ணாடிப் பேழைக்குள் பல்செட் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. பல்செட்டுக்குச் சொந்தக்காரரைக் காணவில்லை.

“ஐயா அவசரமா வெளிய போயிருக்காவ போல. பல்லை மறந்து வச்சிட்டுப் போயிட்டாவ,” என்றான் இசக்கிமுருகன்.

“வாய மூடுலே,” என்றாள் அக்தர் பானு, உதடு அசையாமல்.

மேலப்பாளையத்தில் பிரியாணிக் கடை மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துபவள் பானு. பெயர்ப்பலகையில் ‘கொலை, கொள்ளை, மோசடி’ என்று சிவப்பு எழுத்தில் இருக்கும். படியேறி வருகிறவர்கள் கேட்பதெல்லாம், மாப்பிள்ளை குடிப்பாரா, துபாய் வேலை நிஜமா, தலையில் இருப்பது சொந்த முடிதானா. அவளுக்கு உதவியாளன், ஸ்கூட்டர் ஓட்டி, கூடவே வரும் தலைவலி எல்லாம் இசக்கிமுருகன் ஒருவனே. கொலை விசாரிக்கவே பிறந்தவன் தான் என்பது அவன் எண்ணம். இதுவரை அவன் கண்டுபிடித்ததில் பெரியது ஒரு மாப்பிள்ளையின் விக்.

இன்றைக்கு நிஜமான திருட்டு. சேரன்மகாதேவி சாலையில், வாழைத் தோப்புகளுக்கு நடுவே, தூண்களை மட்டும் அரண்மனையிடம் கடன் வாங்கியது மாதிரி நிற்கும் தேவசிகாமணி பல் மருத்துவக் கல்லூரியில்.

“இது திருட்டு அல்ல, மேடம்,” என்றார் தாளாளர் ஹெப்ரான். வெள்ளைச் சட்டை, தங்க ஃபிரேம் கண்ணாடி, மைக் இல்லாவிட்டாலும் மைக் முன்னால் நிற்கிற குரல். “இது எங்கள் வரலாற்றின் கழுத்தில் வைக்கப்பட்ட கத்தி!”

“தலையையே காணோம்க்கா, கழுத்துக்கு எங்கன போக?” என்று இசக்கி பானுவின் காதில் முணுமுணுத்தான்.

காணாமல் போனது ஹெப்ரானின் அப்பா, மறைந்த நிறுவனர் தேவசிகாமணியின் மண்டையோடு. அரிசி ஆலையில் தொடங்கி, பஸ் விட்டு, கடைசியில் கல்வியில் கரையேறியவர். ‘பல் காத்த பெருந்தகை’ என்று அவருக்குப் பட்டம் உண்டு. கொடுத்தது அவரே ஏற்பாடு செய்த விழாவில். எண்பதைத் தாண்டிக் கண்ணை மூடுமுன் உடலைத் தன் கல்லூரிக்கே எழுதி வைத்தார். ‘மரணத்துக்குப் பின்னும் நான் பாடம் நடத்துவேன்’ என்று அவர் சொன்னது பேழைக்கு மேலே பளிங்கில் பொறித்திருந்தது. பேழையில் மண்டையோடு, பக்கத்தில், அவர் கடைசி இருபது வருடம் சாப்பிட்ட, சிரித்த, மேடையில் முழங்கிய பல்செட். மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டும்.

“காலையில் ஒவ்வொருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு, தலை குனிந்து, ஐயாவுக்கு வணக்கம் செலுத்திய பிறகுதான் வகுப்பு,” என்றார் ஹெப்ரான். “பேராசிரியர்கள் உட்பட. நான் உட்பட.”

“குனியலைன்னா?”

“அப்படி ஒருத்திதான் இந்தக் காரியத்தைச் செய்திருக்கிறாள்.”

அவர் போனில் கேமராப் பதிவைக் காட்டினார். எல்லோரும் வரிசையாகக் குனிந்து குனிந்து நகர்கிறார்கள். ஒரு பெண் மட்டும் கண்ணாடியில் மூக்கு இடிக்கிற மாதிரி நின்று மண்டையோட்டை உற்றுப் பார்க்கிறாள். அடுத்த நாளும் பார்க்கிறாள். அதற்கடுத்த நாளும்.

“சுகன்யா. முதலாம் ஆண்டு. ஐயாவை நேருக்கு நேர் பார்க்கிறாள், மேடம்! என் மனைவிகூட அவரை அப்படிப் பார்த்தது கிடையாது.”

“திருடுறது பதிவாகியிருக்கா?”

“நிறுவனர் நாள் விழாவுக்காக பெயின்ட் அடிக்கிறோம். ஐயா காணாமல் போன அன்றைக்குக் கேமராவைத் துணி போட்டு மூடியிருந்தார்கள்.” ஹெப்ரான் தொண்டையைச் செருமினார். “நாளைக் காலையில் அவளுக்குப் பல்கலைக்கழகத் தேர்வு. ஹால் டிக்கெட் என் மேஜையில் இருக்கிறது. என் கையெழுத்து இல்லாமல் செல்லாது. சாயங்காலத்துக்குள் நீங்கள் ‘இவள்தான்’ என்று சொல்லிவிட்டால், தேர்வுக்கும் கிடையாது, கல்லூரிக்கும் கிடையாது. நாங்களே சொன்னால் ஓரவஞ்சனை என்பார்கள். நீங்கள் சொன்னால் விசாரணை.”

பானு பேழையின் பூட்டைத் தடவிப் பார்த்தாள். கீறல்கூட இல்லை.

“சாவி?”

ஹெப்ரான் சட்டைக்குள்ளிருந்து சங்கிலியை இழுத்தார். சிலுவையோடு ஒரு சாவியும் தொங்கியது. “இன்னொன்று உடற்கூறியல் துறைத் தலைவர் பாலசுப்பிரமணியனிடம். முப்பது வருடம் எங்களோடு இருப்பவர். அவரைச் சந்தேகப்பட்டால் என்னைச் சந்தேகப்பட்ட மாதிரி.”

“சரி சார், ரெண்டு பேரையும் பட்டுக்கிடுதோம்,” என்றான் இசக்கி. பானு அவன் காலை மிதித்தாள்.

விடுதிக்குப் போகிற நடையில் சுவர் முழுக்கக் கல்லூரிக் காலண்டர். எல்லா மாதத்துக்கும் ஒரே படம்: கறுப்பு வெல்வெட் பின்னணியில், பக்கவாட்டு வெளிச்சத்தில், நிறுவனரின் மண்டையோடு. பல்வரிசை பளபளத்தது.

இசக்கி நின்று ரசித்தான். “என்ன பல்லுக்கா! முத்துக் கோத்த மாதிரி. எங்க மாமாவுக்கு நாப்பதுலயே முன்வாசல் காலி. ஐயா எண்பது வயசுலயும் முறுக்குக் கடிச்சிருப்பாரு போல.”

நாலு அடி முன்னால் போயிருந்த பானு அப்படியே திரும்பி வந்தாள்.

“லே, இப்ப என்ன சொன்ன?”

“மாமாவைச் சொன்னேன்.”

“அதுக்குப் பெறகு?”

“முறுக்கு...”

பானு காலண்டரைப் பார்த்தாள். திரும்பி, தூரத்தில் தெரிந்த பேழையைப் பார்த்தாள். “பல்லெல்லாம் போயி, மேலயும் கீழயும் முழுசா பல்செட் மாட்டியிருந்த மனுசன். மவுத்தான பெறகு அவருக்குப் பல்லு முளைக்குமாலே?”

இசக்கியின் வாய் திறந்தபடி நின்றது. அதில் பற்கள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

நூற்றுக்கணக்கான பல் மருத்துவர்களும், ஆகப் போகிறவர்களும் தினமும் கடந்து போகிற இடம். பல்லைப் பார்த்தே ஆளின் வயதைச் சொல்கிறவர்கள். பல்செட்டுக்கும், பல்லோடு இளிக்கிற மண்டையோட்டுக்கும் நடுவே ஒரு சாண்கூட இடைவெளி கிடையாது. ஒருவர் கேட்கவில்லை. கேட்க வேண்டுமென்றால் பார்க்க வேண்டும். பார்க்க வேண்டுமென்றால் நிமிர வேண்டும். அவர்கள் குனிந்து தரையைப் பார்த்தார்கள். எந்த மொசைக் கல்லில் விரிசல் என்று கேட்டிருந்தால் கல்லூரி மொத்தமும் சரியாகச் சொல்லியிருக்கும்.

“அப்ப அது ஐயா மண்டையே கிடையாது,” என்றான் இசக்கி. “புரிஞ்சு போச்சுக்கா! மகன் ஹெப்ரான் வேலை. ஊருக்கு முன்னால தானம்னு சொல்லிட்டு, அப்பாவைப் பைய அடக்கம் பண்ணிட்டாரு. கடையில வாங்கின மண்டையை வச்சு விழாவும் நடத்திட்டாரு.”

“நல்லாத்தான் இருக்கு உன் கதை. நிமிந்து பாத்த பிள்ளையையும் கேட்டுக்கிடுவோம். வா.”

சுகன்யா விடுதி வராந்தாவில் பிளாஸ்டிக் மண்டையோடு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். அழுது முடித்த முகம். படிப்பை நிறுத்தியிருக்கவில்லை.

“எப்படியும் எழுத விடமாட்டாவ. இருந்தாலும் கை சும்மா இருக்க மாட்டேங்கு,” என்றாள்.

மாஞ்சோலையில் பிறந்த பெண். தேயிலை எஸ்டேட் காலியானபோது அப்பாவும் அம்மாவும் சாமான்களோடு கீழே இறங்கினார்கள். அப்பா இப்போது பேட்டையில் ஒரு குடோனுக்குக் காவல். அரசு ஒதுக்கீட்டில் கிடைத்த இடம் இது. திருட்டுப் பட்டத்தோடு வெளியே போனால் வேறெந்தக் கல்லூரிக் கதவும் திறக்காது.

“ஐயாவை அப்படி என்ன பார்வை பாத்த?” என்றாள் பானு.

“எலும்பைப் பாத்தேன்க்கா. எங்களுக்குப் படிக்கத் தாரது பூரா பிளாஸ்டிக். எல்லாத் துளையும் அடைஞ்சு போயிருக்கும், பள்ளம் மேடு ஒண்ணும் தெரியாது. இந்தக் கல்லூரியில நிஜ மண்டையோடு அது ஒண்ணுதான் கண்ணுக்குத் தெரியுத இடத்துல இருக்கு. நரம்பு எது வழியா வருது, எது வழியா போகுதுன்னு கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.”

“அந்த மண்டையோட்டுல உனக்கு ஏதாவது வித்தியாசமாத் தெரிஞ்சுதா?”

சுகன்யா தயங்கினாள். “அண்ணாச்சி, கொஞ்சம் முகத்தைக் காட்டுங்க,” என்று இசக்கியின் மோவாயைப் பிடித்துத் திருப்பினாள். கீழுதட்டுக்குச் சற்றுக் கீழே, பக்கவாட்டில், விரலை வைத்து அழுத்தினாள். “இங்கன கீழ்த்தாடை எலும்புல ஒரு சின்னத் துளை இருக்கு. இது வழியாத்தான் நரம்பு வெளிய வந்து உதட்டுக்குப் போகுது. மென்டல் ஃபோராமென்.”

“துளைக்குப் பேரு சொன்னாப் போதாதா தாயி, என்னை மென்டல்னு ஏசவும் செய்யணுமா?”

“இவரு வயசுல துளை எலும்புக்கு நட்டநடுவுல இருக்கும்,” என்றாள் அவள், சிரிக்காமல். தேர்வுக்கு முந்தின நாள் யாரும் சிரிப்பதில்லை. “வயசாகிப் பல்லெல்லாம் விழுந்துட்டா, பல்லு நின்ன எலும்பு தேஞ்சு போயிரும். தாடை ஒல்லிக்குச்சி ஆயிரும். துளை மேல் ஓரத்துக்கே வந்துரும். அதனாலதான் சில தாத்தாமாருக்குப் பல்செட் அழுத்துனா உதடு மரத்துப் போகுது. ஐயா பல்லு பெறகு ஒட்ட வச்சதா இருக்கும்னு நெனச்சேன். ஆனா துளையும் நடுவுல இருந்துது. நான்தான் பாடத்தைத் தப்பாப் படிச்சுட்டேனோன்னு வகுப்புல சந்தேகம் கேட்டேன்.”

“யாருகிட்ட?”

“பாலசுப்பிரமணியன் சார்கிட்ட.”

“அவரு என்ன சொன்னாரு?”

“பரீட்சைக்கு வராதுன்னுட்டாரு.”

“எப்பக் கேட்ட?”

“ஐயா காணாமப் போனதுக்கு முந்தின நாள்.”

பானுவும் இசக்கியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பாலசுப்பிரமணியனின் அறைக் கதவில் அவருடைய பட்டங்களுக்கு இடம் போதாமல், கடைசி இரண்டு பட்டங்கள் சுவரில் தனிப் பலகையாக அடித்திருந்தன. உள்ளே அலமாரி நிறையக் கேடயங்கள். அவற்றுக்கு முன்னால் ஒரு பெரிய உருவம், சிறிய குரல்.

“அழகுக்காகப் பல்லை ஒட்ட வைத்தோம்,” என்றார், பானு கேட்டு முடிப்பதற்குள். “ஐயா பொக்கை வாயோடு நின்றால் மாணவர்கள் என்ன நினைப்பார்கள்? மரியாதையான சிறு அலங்காரம்.”

“பல்லை ஒட்டலாம் சார். தேஞ்ச எலும்பையும் வளக்கலாமோ?” பானு கையை நீட்டி இசக்கியின் மோவாயைப் பற்றினாள். பத்து நிமிடத்துக்கு முன் கற்றதைப் பத்து வருடம் கற்பித்தவள் மாதிரி, “இங்கன ஒரு துளை...” என்று ஆரம்பித்தாள்.

“இன்னைக்கு என் தாடைக்கு நல்ல ஓட்டம்,” என்றான் இசக்கி.

பாலசுப்பிரமணியன் நாற்காலியில் உட்காரவில்லை, சரிந்தார்.

“தாளாளர் சொல்லித்தானே மாத்தி வச்சீய?” என்றாள் பானு.

“ஐயையோ, அவருக்கு எதுவுமே தெரியாதும்மா!” மேடைத் தமிழ் அந்த இடத்தில் உடைந்து, உள்ளே இருந்த திருநெல்வேலி வெளியே வந்தது. “அப்பாவும் மகனும் எழுதிக் கொடுத்தபடி உடம்பு முறையாத்தான் வந்துது. எலும்பைச் சுத்தம் பண்ண வேண்டியது நான். கொஞ்சம் கறை இருந்துது. அமிலத்துல முக்கி எடுத்தாப் போயிரும். கொஞ்ச நேரந்தான் வைக்கணும். வச்சேன். வச்ச உடனே இரங்கல் கூட்டத்துக்குக் கூப்பிட்டாவ.”

“சரி, கூட்டம் முடிஞ்சதும் வந்து எடுத்திருக்கலாமே?”

“ஒரு கூட்டமா நடந்துது? கல்லூரியில, பழைய மாணவர் சங்கத்துல, அரிசி ஆலைக்காரங்க சங்கத்துல, பஸ் முதலாளிமார் சங்கத்துல. எல்லாத்துலயும் ‘அறிவின் சிகரம் அந்தத் தலை’ன்னு நான்தான் சிறப்புரை. தலையைப் பத்திப் பேசிப் பேசி, தலையை மறந்துட்டேன். ஞாபகம் வந்து ஓடிப் போய்ப் பாத்தா, எலும்புல இருக்க சுண்ணாம்பு பூரா போயிருச்சு. தூக்குனா ரப்பர் மாதிரித் துவளுது.”

இசக்கிக்குச் சிரிப்பு வந்தது. பானுவின் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான்.

“பெறகு?”

“பழைய பொருள் அறையில பேர் தெரியாத மண்டையோடு ஒண்ணு கிடந்துது. அதை மெருகேத்தி வச்சேன். ஐயாவோடதுல கீழ்த்தாடை மட்டுந்தான் உருவத்தோட மிஞ்சுச்சு. மத்ததெல்லாம் சிதைஞ்சு போச்சு. குறுக்குத்துறையில கொண்டு போய் முறைப்படிக் கரைச்சுட்டேன்.”

“ஞானஸ்நானம் வாங்குன மனுசனை ஆத்துல கரைச்சீயளா?” என்றான் இசக்கி.

“எனக்குத் தெரிஞ்ச முறை அதுதானே தம்பி!”

பானு கேடயங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘சிறந்த நல்லாசிரியர்’ மற்றவற்றைவிட ஒரு கை அகலம் முன்னால் தள்ளி நின்றது. எழுந்து போய் அதை எடுத்தாள். பின்னாலிருந்து, காலண்டரில் பார்த்த அதே சிரிப்பு.

“ஒண்ணே ஒண்ணு கேக்கேன் சார். அந்தப் பிள்ளை சந்தேகம் கேட்டதும் பயந்து மண்டையை ஒளிச்சதுக்குப் பதிலா பக்கத்துல இருந்த பல்செட்டை ஒளிச்சிருந்தா ஒரு பயலுக்கும் சந்தேகம் வந்திருக்காதே? ஏன் அதைத் தொடலை?”

பாலசுப்பிரமணியன் அதிர்ந்து பார்த்தார், திருடச் சொன்னதைப் போல. “அது செயற்கைப் பல் துறையோட பொருள்மா. அவங்க அனுமதி இல்லாம நான் எப்படி எடுக்க முடியும்?”

பானு மண்டையோட்டை எடுத்து மேஜை மேல் வைத்தாள்.

“கீழ்த்தாடை மிஞ்சுச்சுன்னீயளே,” என்றாள் பானு. “அது எங்க?”

அவர் விரல் வகுப்பறைப் பக்கம் நீண்டது. அங்கே மேஜை மேல், மஞ்சள் நீர் நிறைந்த கண்ணாடி ஜாடி. முதல் வருட மாணவர்களுக்கு முதல் பாடமே அதுதான். சுண்ணாம்பு போனால் எலும்பு எப்படி வளையும் என்று கையுறை மாட்டி எடுத்து, வளைத்துக் காட்டுவார். மாணவர்களும் ஒவ்வொருவராக வளைத்துப் பார்ப்பார்கள். பளிங்கில் பொறித்த வாக்கைத் தேவசிகாமணி ஒரு வருடம்கூடத் தவறவிட்டதில்லை. அவருக்குப் போக வேண்டிய மாலையை மட்டும் வேறொருவர் வாங்கிக்கொண்டிருந்தார்.

மாலை வெயில் ஹெப்ரானின் மேஜையில் விழுந்திருந்தது. ஒரு பக்கம் மண்டையோடு. மறு பக்கம் ஜாடி. நடுவில் கையெழுத்தாகாத ஹால் டிக்கெட். பாலசுப்பிரமணியன் சொல்லி முடித்திருந்தார். சுகன்யா கதவோரம் நின்றாள். அழைத்து வந்தது பானு.

ஹெப்ரான் பேசியபோது மைக் குரலைக் காணோம்.

“பொய். இந்தப் பிள்ளையைக் காப்பாத்த நீங்க எல்லாரும் சேந்து சோடிச்ச கதை.” அவர் ஜாடியைச் சுகன்யாவின் பக்கம் தள்ளினார். “நீ சொல்லு. இவரு சொன்னதையெல்லாம் மறந்துட்டு, பரீட்சையில கேட்டா என்ன சொல்லுவியோ அதைச் சொல்லு. இது யாரு?”

சுகன்யா குனிந்து, ஜாடிக்கு நேராகக் கண்ணை வைத்தாள். பார்க்கப் பார்க்கக் குரல் தெளிந்தது.

“கீழ்த்தாடை எலும்பு, சார். பல்லு ஒண்ணுகூட இல்ல. பல்லுக் குழி எல்லாம் மூடி மழமழன்னு ஆயிருச்சு, அதனால பல்லு விழுந்து ரொம்ப வருசம் இருக்கும். துளை மேல் ஓரத்துல இருக்கு. வயசானவரு. வலது பக்கத்தைவிட இடது பக்கம் அதிகமாத் தேஞ்சிருக்கு. பல்செட் அந்தப் பக்கம் அழுத்திக்கிட்டே இருந்திருக்கணும். சாப்பிடும்போது இடது பக்கம் உதடு மரத்துப் போகுதுன்னு சொல்லியிருப்பாரு.”

ஹெப்ரான் கண்ணாடியைக் கழற்றினார்.

“சொன்னாவ,” என்றார். “தினமும் சொன்னாவ. கஞ்சி வடியுறது தெரியாமப் பேசிக்கிட்டே இருப்பாவ. நான்தான் துடைச்சு விடுவேன்.” ஜாடியை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இசக்கிமுருகன் ஜன்னலுக்கு வெளியே வாழைத்தோப்பில் எதையோ தேடுவது போலப் பார்த்தான்.

சற்றுப் பொறுத்து ஹெப்ரான் மண்டையோட்டின் பக்கம் கையைக் காட்டினார். “அப்ப இத்தனை வருசமா நான் காலையில எழுந்திரிச்சு வந்து கும்பிட்டது யாரை?”

பாலசுப்பிரமணியன் தலை குனிந்து தரையில் விரிசலைத் தேடினார்.

“சார், சொல்லலாமா?” என்றாள் சுகன்யா. “கடைசிக் கடைவாய்ப் பல்லு இன்னும் வெளிய வரலை. ஆணா பொண்ணான்னு எனக்கு உறுதியாச் சொல்லத் தெரியலை. ஆனா பதினெட்டு, பத்தொன்பதுக்கு மேல இருக்காது. எங்க வகுப்புல இருக்கவங்க வயசுதான், சார்.”

ஹெப்ரான் அந்த மண்டையோட்டை முதல் முறையாக நிமிர்ந்து, நேருக்கு நேர் பார்த்தார். பிறகு கதவோரம் நின்றவளைப் பார்த்தார். பேனாவைத் திறந்தார். கையெழுத்து கோணலாக விழுந்தது.

“காலையில எத்தனை மணிக்குப் பரீட்சை?”

“பத்து மணிக்கு, சார்.”

“போ. இங்கன நின்னு நேரத்தைப் போக்காம போய்ப் படி.”

சுகன்யா ஹால் டிக்கெட்டை வாங்கியதும் நடந்துதான் போனாள். வராந்தா திரும்பியதும் ஓடுகிற சத்தம் கேட்டது.

பாலசுப்பிரமணியன் மெல்லத் தொண்டையைச் செருமினார். முப்பது வருடப் பழக்கம். “விழா அழைப்பிதழ் அச்சுக்குப் போகணும்... நிறுவனர் நாள் நடக்கும்தானே?”

“நடக்கும்,” என்றார் ஹெப்ரான், ஜாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். “ஆனா ஒருத்தரும் பேசக் கூடாது.”